கற்பொடி எரு: தானியப் பயிர்களுக்கு அதன் பயனும் எல்லையும்

நெல், கோதுமை, சோளம் முதலிய தானியப் பயிர்கள் ஒவ்வொரு போகத்திலும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் சத்துக்களில் தழைச்சத்து ஒன்று நீங்கலாக மற்றவை பெரும்பாலும் ஆதியில் பாறையிலிருந்து வந்தவையே. மணிச்சத்தும், சாம்பற்சத்தும், சுண்ணமும், மக்னீசியமும், இரும்பும், வைக்கோலுக்கு விறைப்புத் தரும் மணற்சத்தும் கல்லுக்குள் அடங்கிக் கிடந்தவை. மழையும் வெயிலும், மண்ணில் ஊறும் கரியமில வாயுவும், வேர்களின் புளிப்பும் பாறையைச் சிறிது சிறிதாகச் சிதைத்து அச்சத்துக்களை வெளிப்படுத்துகின்றன. இந்த வேலை முடிய எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலம் காத்திராமல் கல்லை ஆலையிலிட்டு மாவாக அரைத்து வயலில் தூவினால், விலையுயர்ந்த செயற்கை எருக்களை வாங்கும் செலவு மிஞ்சாதா என்ற கேள்வி 100 ஆண்டுகளுக்கு மேலாக விவசாயிகளாலும் ரஸாயன சாஸ்திரிகளாலும் கேட்கப்பட்டு வருகிறது.

இக்கேள்வி வெறும் சாஸ்திர விசாரணையாக நிற்கவில்லை. ஜல்லி உடைக்கும் ஆலைகள் பெருகிய இடங்களிலெல்லாம் கல்தூள் குவிந்து கிடக்கிறது. அதைச் சாக்கில் கட்டி, “இயற்கை எரு” என்று பெயர் சொல்லி விற்பது எளிது. விற்பவன் சொல்லை நம்பி அடியுரத்தை நிறுத்திவிடும் குடியானவன் ஒரு போகத்து வருமானத்தை இழக்க நேரும். அவ்வாறே, கற்பொடி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நகைத்து ஒதுக்குபவன், தன் நிலத்துக்கு உண்மையில் ஏற்ற ஒரு மலிவான பொருளை இழக்கக்கூடும். கல் எல்லாம் ஒரே கல் அல்ல. மண் எல்லாம் ஒரே மண்ணும் அல்ல. எந்தக் கல், எந்த மண்ணில், எவ்வளவு நுண்மையாக என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

இல்லினாய் நாட்டுக் கதை

கற்பொடியைத் தானிய சாகுபடிக்கு முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் இல்லினாய் ஸர்வகலாசாலையின் விவசாயப் பகுதித் தலைவராயிருந்த ஸிரில் ஹாப்கின்ஸ் (1866–1919). இவருக்கு முன்பே ஜெர்மனியில் ஜூலியஸ் ஹென்ஸல் என்பவர், எந்த எருவும் வேண்டாம், கருங்கல் முதலிய பாறைகளின் பொடியே போதும் என்று 1890-களில் பிரசாரம் செய்துவந்தார். ஹென்ஸலின் வாதத்தில் ஆர்வம் மிகுதி. அளந்து பார்த்த கணக்குக் குறைவு. ஹாப்கின்ஸ் அத்தகையவரல்லர். அவர் மண்ணைப் பகுத்துப் பார்த்து, அதில் எது குறைவோ அதைக் கொடுக்கும் கல்லை மட்டுமே இடவேண்டும் என்றார்.

தென் இல்லினாயில் மேரியன் கவுண்டியில், சேலம் என்றே பெயர் கொண்ட ஓர் ஊருக்கு அருகில், 1903-ல் அவர் நைந்துபோன ஒரு பண்ணையை விலைக்கு வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் “ஏழை நிலப் பண்ணை” என்று பொருள்படுவது. அம்மண் புளித்த மண். அதில் க்ளோவர் என்னும் பயறு வகைத் தீவனப் பயிர் வேர் பிடிப்பதில்லை. மணிச்சத்தும் மிகக் குறைவு. ஹாப்கின்ஸ் அதில் இட்டவை இரண்டு கற்பொடிகள். ஒன்று, புளிப்பை நீக்கச் சுண்ணாம்புக்கல் பொடி. மற்றொன்று, டென்னஸி மாகாணத்தில் வெட்டியெடுத்த பாஸ்பேட் பாறையின் பொடி. இவற்றோடு தொழு எருவும், க்ளோவரை மடக்கி உழுத தழையும் சேர்ந்தன.

1913-ல் அப்பண்ணையில் 40 ஏக்கர் வயலில் கோதுமை ஏக்கருக்கு 35½ புஷல் விளைந்தது. ஒரு புஷல் கோதுமை 60 இராத்தல். ஆகவே இது 2,130 இராத்தல். அதே வயலில் தொழு எரு மட்டும் இட்டு, கற்பொடி எதுவும் இடாமல் வேண்டுமென்றே விட்டுவைத்த கீற்றில் 11½ புஷலே, அதாவது 690 இராத்தலே கண்டது. அவ்வாண்டில் ஸர்வகலாசாலை வெளியிட்ட சிறு பிரசுரத்துக்கு அவர் வைத்த பெயர் “கல்லிலிருந்து ரொட்டி” என்பது. ஹென்ஸலின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோதும் இதே பெயரைத்தான் தாங்கியிருந்தது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதைப் படிப்பவர் கவனிக்கவேண்டும்.

ஹாப்கின்ஸ் செய்த கணக்கும் குடியானவர் கணக்கே. பாஸ்பேட் பாறையோடு ஏறக்குறைய அதே நிறையுள்ள கந்தகத் திராவகத்தைக் கலந்தால் ஸூப்பர் பாஸ்பேட் கிடைக்கிறது. ஆகவே ஒரு டன் பாறையில் உள்ள மணிச்சத்து இரண்டு டன் ஸூப்பரில் பரவி நிற்கிறது. திராவகத்தின் விலையும், இரட்டிப்பான பாரத்தின் கூலியும், இடையிலுள்ள வியாபாரிகளின் லாபமும் குடியானவன் தலையில் விழுகின்றன. திராவகம் செய்யும் வேலையை மண்ணில் மக்கும் தழையும் தொழு எருவும் செய்யட்டும். பச்சைப் பாறையையே நுண்பொடியாக ஏக்கருக்கு 1,000 முதல் 2,000 இராத்தல் வரை ஒரே தடவையில் இட்டு, பல ஆண்டுகளுக்கு அதிலிருந்து பயிர் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். எரு வியாபாரிகளுக்கு இது உவப்பாயிருக்கவில்லை. மற்ற மாகாணங்களின் பரீக்ஷைப் பண்ணைகள் சிலவும் ஒப்பவில்லை. ஆயினும் இல்லினாய்க் குடியானவர்கள் பல பத்தாண்டுகள் அம்முறையைக் கைவிடாமல் பின்பற்றினர். ஹாப்கின்ஸ் 1918-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் கிரேக்க நாட்டு மண்ணைச் சீர்திருத்தச் சென்று, திரும்பும் வழியில் 1919-ல் ஜிப்ரால்டரில் காலமானார்.

பிற்காலத்தில் வெளிப்பட்டது என்னவென்றால், அவர் கூறியது ஒரு பாதி சரி. மறு பாதி மண்ணைப் பொறுத்தது. புளித்த மண்ணில், மக்கும் தழை மிகுதியாயிருக்கும்போது, பயறு வகைப் பயிரின் மூலமாக இட்டால் பாறைப் பாஸ்பேட் நெடுநாள் நின்று பயன் தருகிறது. ஆனால் சுண்ணாம்பை நிறைய இட்டுப் புளிப்பை முற்றும் நீக்கிய வயலில் அதே பொடி ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. இரண்டு கற்பொடிகளையும் ஒருசேர இடுவதில் உள்ள இம்முரண்பாட்டை க்ளோவரின் வேர்களும் மக்கிய தழையும் ஓரளவு சமாளித்தன என்றே சொல்லவேண்டும். விரைவாகப் பயன் தருவதும் ஆண்டுதோறும் சிறு அளவாக இடத்தக்கதுமான ஸூப்பர் வகைகளின் முன் பச்சைப் பாறை நிற்க இயலாமல், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கும் அதன் உபயோகம் குறைந்தது.

பொடி கரையும் விதம்

பாஸ்பேட் பாறையில் மணிச்சத்து அபடைட் என்னும் கனிப்பொருளாகச் சுண்ணத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அது கரைவது இல்லையென்றே சொல்லலாம். அதைப் பிரிக்கப் புளிப்பு வேண்டும். மண்ணின் புளிப்பு நிலையைக் காட்டும் எண் 7 ஆனால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். இவ்வெண் 5½-க்குக் கீழே இருக்கும் நிலங்களில் பாறைப் பாஸ்பேட் நன்கு கரைகிறது. 6-ஐ நெருங்க நெருங்க மந்தமாகிறது. சுண்ணாம்புக் கற்கள் விரவிய காரமான கரிசல் முதலிய நிலங்களில் அதை இடுவது ஆற்றில் கரைத்த புளி போலக்கூட ஆகாது, ஏனெனில் அது கரைவதே இல்லை.

நன்செய்க்கு வேறு ஒரு தடையும் உண்டு. புளித்த மண்ணாயினும், வயலில் நீரைக் கட்டி நிறுத்திய சில வாரங்களில் அதன் புளிப்புக் குறைந்து நடுநிலையை நோக்கிச் செல்கிறது. ஆகவே சேறு கலக்கியபின் நடவின்போது பாறைப் பாஸ்பேட்டைத் தூவுவது காலந்தவறிய செய்கை. நீர் பாய்ச்சுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, புழுதி உழவில் மண்ணோடு கலக்குமாறு இடவேண்டும்.

நுண்மையைப் பற்றி விற்பவர் பேசுவதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கல் துண்டின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் துகள்களாக அரைத்தால் வெளிப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டராகிறது. வேரும் புளிப்பும் தொடக்கூடிய இடம் 100 மடங்கு பெருகிவிடுகிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவு, பாறைப் பாஸ்பேட்டில் 100-க்கு 90 பங்கு 0.15 மில்லிமீட்டர் சல்லடையில் விழவேண்டும் என்றும், மொத்த மணிச்சத்து 100-க்கு 18 பங்குக்குக் குறையக்கூடாதென்றும் விதிப்பதன் காரணம் இதுவே. விரலிடையில் வைத்துத் தேய்க்கும்போது மணலாக நறநறக்கும் பொடி எருவல்ல, கட்டட வேலைக்குரியது.

ஊட்டத்தூர் உருண்டைகள்

பாறைப் பாஸ்பேட்டைப் பற்றிப் பேசும்போது திருச்சிராப்பள்ளிச் சீமையின் அநுபவத்தை விட்டுவிட முடியாது. ஊட்டத்தூர், காரை முதலிய ஊர்களைச் சுற்றி, முற்காலத்தில் கடல் பரந்திருந்த களிமண் படுகைகளில், சங்குகளும் நத்தைக் கற்களும் கிடக்கும் இடங்களில், பாஸ்பேட் உருண்டைகள் கிடப்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் வார்த் ஆராய்ந்தார். 200 அடி ஆழம் வரையில் ஏறக்குறைய 80 லக்ஷம் டன் உருண்டைகள் இருக்கலாமென்று அவர் மதிப்பிட்டார். உருண்டைகளில் 100-க்கு 56 முதல் 59 பங்கு வரை சுண்ணப் பாஸ்பேட்டும், சுமார் 16 பங்கு சுண்ணாம்புக் கார்பனேட்டும் இருந்தன. கேட்பதற்குப் புதையல் போலத் தோன்றும்.

ஆனால் அவை களிமண்ணில் சிதறிக் கிடக்கின்றன. 100 கன அடி மண்ணில் கிடைப்பது 27 முதல் 47 இராத்தல் வரையே. 100 கன அடி களிமண் ஏறக்குறைய 5 டன் நிறையுள்ளது. 5 டன் மண்ணைப் புரட்டி அரை மூட்டைக்கும் குறைவான கல்லைப் பொறுக்குவதாயிற்று. பொடி செய்து தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு எருவாக விற்கச் செய்த முயற்சிகளும் பலிக்கவில்லை. மண்ணுக்குள் லக்ஷக்கணக்கான டன் இருப்பது வேறு, வயலுக்கு வந்து சேரும் விலை வேறு. இதனிடையே இராணிப்பேட்டையில் 1906-ல் ஸூப்பர் பாஸ்பேட் ஆலை ஏற்பட்டது. இந்தியாவில் செயற்கை எரு உற்பத்தி அதோடு தொடங்கியதாகக் கூறுவது வழக்கம்.

இந்தியாவில் நல்ல பாஸ்பேட் பாறை பின்னர் இராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகே ஜாமர்கோட்ராவில் 1968-ல் அகப்பட்டது. முசூரி மலைப் பாறையும் பொடியாக விற்கப்பட்டது. இவ்வகைப் பொடிகள் தேயிலை, காப்பி, ரப்பர் முதலிய புளித்த மலைமண் தோட்டங்களிலேயே நன்கு பயன்பட்டன. இலங்கையில் எப்பாவலை என்னுமிடத்தில் 1971-ல் கண்டுபிடிக்கப்பட்ட அபடைட் பாறையின் வரலாறும் இதுவே. அது தென்னைக்கும் தேயிலைக்கும் ரப்பருக்கும் போகிறது. மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கு அது கரையும் வேகம் போதாது. ஆகவே அந்நாட்டு நெல் வயல்களுக்குக் கரையும் பாஸ்பேட் வெளிநாட்டிலிருந்து வந்தது. நெடுநாள் நிற்கும் மரம் பொறுத்திருந்து உண்ணும். நெற்பயிர் பசித்த குழந்தை போன்றது.

எரிமலைக் கல்லும் கருங்கல்லும்

இதுவரை கூறியது மணிச்சத்துக்காகவே இடும் கல். இப்போது பலரும் பேசுவது பசால்ட் என்னும் எரிமலைப் பாறையைப் பற்றியது. இதில் மணிச்சத்து மிகச் சொற்பம். ஆனால் சுண்ணமும் மக்னீசியமும் இரும்பும் மிகுதி. ஓரளவு சாம்பற்சத்தும் உண்டு. இதன் கனிகள் கருங்கல்லின் கனிகளைவிட விரைவில் சிதைகின்றன. மண் நீரிலுள்ள கரியமில வாயு இப்பொடியைத் தின்னும்போது புளிப்பு நீங்குகிறது, சத்துக்கள் வெளிப்படுகின்றன, அவ்வாயுவும் கரைந்த உப்பாக மாறி நீரோடு போய்விடுகிறது. சுண்ணாம்பு இடுவதன் பலனும், சிறிது எரு இடுவதன் பலனும் ஒருங்கே கிடைப்பதாகக் கொள்ளலாம்.

ஹாப்கின்ஸ் வேலை செய்த அதே இல்லினாய் ஸர்வகலாசாலைப் பண்ணையில், 2016-ல் தொடங்கி 4 ஆண்டுகள், மக்காச்சோளமும் ஸோயா மொச்சையும் மாறி மாறிப் பயிரான வயல்களில் பசால்ட் பொடி இட்டுப் பார்த்தனர். அளவு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 50 டன். ஏக்கருக்கு ஏறக்குறைய 20 டன். 2024-ல் வெளிவந்த முடிவுகளின்படி மகசூல் 100-க்கு 12 முதல் 16 பங்கு வரை கூடியது. நான்கு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 10½ டன் கரியமில வாயு பிடிக்கப்பட்டதாகவும் கணக்கிட்டார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓட்ஸ் தானியத்தில் செய்த பரீக்ஷையில், ஏக்கருக்கு ஏறக்குறைய 7½ டன் இட்டபோது, உழுத நிலத்தில் 100-க்கு 20 பங்கும், உழாமல் விதைத்த நிலத்தில் 9 பங்கும் மகசூல் அதிகரித்தது. இவற்றுக்கு நெடுநாள் முன்பே மொரீஷியஸ் தீவில் த’ஹொத்மான் த வில்லியே என்பவர், மழையால் சாரம் கழுவப்பட்டுப்போன பழைய மண்ணில் ஹெக்டேருக்கு 180 டன் வரை பசால்ட் தூளை இட்டுக் கரும்பு மகசூல் தொடர்ந்து ஐந்து போகங்களில் 100-க்கு 30 பங்கு வரை உயர்ந்ததைக் காட்டினார்.

இவ்வெண்களைப் படிக்கும்போது மகசூலை மட்டும் பார்க்காமல் டன்னையும் பார்க்கவேண்டும். ஏக்கருக்கு 20 டன் என்பது இரண்டு பெரிய லாரிப் பாரம். கல் அரைக்கும் செலவும், ஏற்றி இறக்கும் கூலியும், வண்டிச் சத்தமும் சேர்ந்தால் பொடி சும்மா கிடைத்தாலும் வயலுக்கு வரும்போது சும்மா வருவதில்லை. மேலும் இப்பரீக்ஷைகளில் மற்ற எருக்களும் இடப்பட்டன. பசால்ட் அவற்றுக்கு மாற்றாக அல்ல, துணையாகவே நின்றது. எந்தப் பாறையும் பயிருக்குத் தழைச்சத்தை அளிப்பதில்லை. நெல்லுக்கு மிகுதியாக வேண்டுவதோ அதுவே. கற்பொடியை நம்பித் தழை எருவையும் தொழு எருவையும் யூரியாவையும் ஒருங்கே நிறுத்துபவன் வயல் மஞ்சளாகப் போவது உறுதி.

தமிழ்நாட்டில் பசால்ட் பரவலாகக் கிடையாது. அது மகாராஷ்டிரம் முதலான தக்கணப் பீடபூமியின் கல். அங்குள்ள கரிசல் நிலம் அக்கல் சிதைந்ததனாலேயே உண்டானது. அதன்மேல் அதே கல்லின் பொடியைத் தூவுவதில் பெரும் பயன் எதிர்பார்ப்பதற்கில்லை. தமிழ்நாட்டு ஜல்லி ஆலைகளில் அரைபடுவது கருங்கல், பல்லாவரத்துக் கல் எனப்படும் சார்னகைட், இவற்றோடு ஒத்த மற்றப் பாறைகள். இவற்றில் பயிருக்கு உதவாத வெள்ளைக்கல் மிகுதி. சாம்பற்சத்து உள்ளது உண்மை. ஆனால் அது பெல்ஸ்பார் என்னும் கனியில் பூட்டப்பட்டிருக்கிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 100-க்கு 4 பங்கு சாம்பற்சத்துள்ள நல்ல கருங்கல்லில் டன் ஒன்றுக்கு 40 கிலோ சத்து இருக்கும். ஆண்டுக்கு அதில் 100-ல் ஒரு பங்கு கரைவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 400 கிராம். 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் 30 கிலோ சத்து உள்ளது. அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 75 டன் கருங்கல் தூள் வேண்டியிருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலங்களில் கோதுமைக்கும் க்ளோவருக்கும் கருங்கல் பொடியை இட்டுச் சோதித்தவர்கள், அது எருவாகப் பயன்படவில்லை என்று 2000-ல் எழுதினார்கள். பொட்டாஷ் முழுவதற்கும் இந்தியா பிற நாடுகளையே எதிர்பார்த்திருப்பதால் இந்த ஆசை எழுவது இயல்பு. ஆயினும் ஆசை கல்லைக் கரைக்காது.

பிரேஸில் தேசம் இவ்விஷயத்தில் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அங்கும் பொட்டாஷ் பெரும்பாலும் இறக்குமதியே. மண்ணோ புளித்துச் சாரமிழந்த செம்மண். 2013-ல் கற்பொடியை எரு வகைகளில் ஒன்றாகச் சட்டம் ஏற்றது. 2016-ல் விதிகள் வந்தன. சுண்ணம், மக்னீசியம், சாம்பற்சத்து மூன்றும் சேர்ந்து 100-க்கு 9 பங்குக்குக் குறையக்கூடாது. சாம்பற்சத்து ஒன்று மட்டும் 1 பங்காவது இருக்கவேண்டும். வெள்ளைக்கல் 25 பங்குக்கு மேற்படக்கூடாது. பாஷாணம், ஈயம், பாதரஸம், காட்மியம் ஆகியவற்றுக்கு உச்ச அளவு உண்டு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஜல்லி ஆலைத் தூளில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். நச்சு உலோகங்களைப் பற்றிய விதி வீண் எச்சரிக்கையல்ல. சேலத்துச் சுண்ணாம்புக் கரடு முதலிய இடங்களில் உள்ள டூனைட் போன்ற பாறைகளில் மக்னீசியம் நிறைய உண்டு. விரைவாகச் சிதைவதும் உண்மை. ஆனால் நிக்கலும் குரோமியமும் உடன் வருகின்றன. அத்தகைய பொடியைப் பகுத்துப் பார்க்காமல் உணவுப் பயிருக்கு இடுதல் தகாது.

இயற்கையே அரைத்துத் தந்த கற்பொடி ஒன்று தமிழ்நாட்டாருக்கு நெடுங்காலமாகத் தெரியும். அது வண்டல். காவேரி வெள்ளம் குடகு, மைசூர்ப் பாறைகளை அரைத்துக் கொண்டுவந்து தஞ்சை வயல்களில் ஆண்டுதோறும் படியவைத்தது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் அவ்வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தில் தங்கிவிடுகிறது. ஏரிகளிலும் குளங்களிலும் தங்கும் வண்டலைக் கோடையில் வெட்டிச் செம்மண் புன்செய்களுக்கு அடிக்கும் பழைய வழக்கம், ஜல்லித் தூளைவிடப் பல மடங்கு மேலானது. அதில் கல் ஏற்கெனவே சிதைந்து களியாக மாறியிருக்கிறது. மக்கிய பொருளும் கலந்திருக்கிறது. மணற்சத்தைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஹெக்டேருக்கு 5 டன் விளையும் நெற்பயிர் 230 முதல் 470 கிலோ வரை மணற்சத்தை எடுத்துக்கொள்கிறது; இதன் பெரும்பகுதி வைக்கோலிலும் உமியிலும் தங்குகிறது. அது குறைந்தால் பயிர் சாய்வதும் குலைநோய் பற்றுவதும் அதிகம். ஜப்பானில் இதற்காக இரும்பாலைக் கசடு 1955-ல் எருவாக அங்கீகரிக்கப்பட்டது. வைக்கோலைக் கொளுத்தாமல் மாட்டுக்கிட்டு, சாணத்தையும் கூளத்தையும் வயலுக்கே திருப்பும் குடியானவன் இச்சத்துக்காகக் கல் அரைக்கவேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

கன்னியாகுமரி, கூடலூர் முதலிய மழை மிகுந்த பகுதிகளின் புளித்த நெல் வயல்களிலும், சரளை கலந்த புளித்த செம்மண் நிலங்களிலும் பாறைப் பாஸ்பேட்டை முயன்று பார்க்கலாம். காவேரி டெல்டாவின் பெரும்பகுதி நடுநிலை அல்லது காரமான மண்ணாகையால் அங்கே அதற்குச் செலவிடல் வேண்டாம். மண் பரீக்ஷைச் சாலைக்கு மாதிரி அனுப்பிப் புளிப்பு எண்ணைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. அதற்கு முன் ஒரு சிறு சோதனையை வரப்பிலேயே செய்யலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளிகளை மண்கட்டியின்மேல் விட்டால், சுண்ணாம்பு கலந்த மண் நுரைத்துப் பொங்கும். பொங்கும் மண்ணுக்குப் பாறைப் பாஸ்பேட் ஏற்காது.

இடும் வழியில் சிறந்தது தழை எருப் பயிரின் மூலமாக இடுவது. சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி முதலியவை விதைக்குமுன் பொடியை அடியில் இட்டால், அப்பயிர்களின் வேர்கள் தானியப் பயிரின் வேரால் எடுக்க முடியாத மணிச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. பூக்கும் பருவத்தில் மடக்கி உழும்போது அது நெல்லுக்கு எளிதில் கிடைக்கும் உருவில் மண்ணில் சேர்கிறது. கூடவே தழைச்சத்தும் வருகிறது. ஹாப்கின்ஸ் க்ளோவரைக் கொண்டு செய்த வேலை இதுவே. எருக்குழியில் அடுக்கடுக்காகச் சாணத்தோடும் குப்பையோடும் பொடியைத் தூவி மக்கவைப்பதும், பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிரைச் சேர்ப்பதும் உதவும். சுண்ணாம்பும் இடவேண்டிய அளவு புளித்த நிலமாயின், பாறைப் பாஸ்பேட்டை முதலில் இட்டுச் சில மாதங்கள் சென்றபின் சுண்ணாம்பு இடுக.

எந்தக் கற்பொடியையும் முதல் ஆண்டிலேயே வயல் முழுவதும் தூவவேண்டாம். ஒரே வயலில் வரப்போரம் தள்ளி, ஒரே அகலமான மூன்று கீற்றுகள் பிரித்து, ஒன்றில் வழக்கமான எரு மட்டும், ஒன்றில் வழக்கமான எருவோடு கற்பொடி, ஒன்றில் கற்பொடி மட்டும் இட்டு, அறுவடையில் மூன்றையும் தனித்தனியே அடித்து நிறுக்கவேண்டும். கண்ணால் பார்த்துப் பச்சை அதிகம் என்று சொல்வது சாட்சியாகாது, தராசு சொல்லட்டும். ஒரு போகத்தில் பலன் தெரியாவிடினும், கீற்றுகளைக் கலைக்காமல் இரண்டு மூன்று போகம் தொடர்தல் நலம், ஏனெனில் கற்பொடியின் பலன் பின்தங்கியே வரும்.

தூவும் நாளில் பொடியைச் சிறிது ஈரப்படுத்திக் காற்றின் போக்கிலேயே வீசவேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டுதல் வேண்டும். வெள்ளைக்கல் தூள் நெடுநாள் மூச்சில் ஏறினால் நுரையீரல் இறுகும் நோயை உண்டாக்கும். கூலியாட்களை வைத்து இடுவிப்பவர்கள் இதைத் தம் பொறுப்பாகக் கொள்ளவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களிடம் இவ்விஷயம் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, மூட்டை வியாபாரம். மூட்டையின்மேல் தயாரித்தவர் பெயரும் சத்துக்களின் அளவும் அச்சிட்டிருக்கின்றனவா என்றும், வாங்கியவருக்கு ரசீது கொடுக்கப்பட்டதா என்றும் பார்த்து, சந்தேகம் தோன்றினால் உர ஆய்வாளருக்குத் தெரிவித்து மாதிரி எடுக்கச் செய்யவேண்டும். ரசீதில்லாமல் வாங்கியவரின் புகாரை நிரூபிப்பது கடினம்.

மற்றொன்று புதிது. கரியமில வாயுவைப் பிடிப்பதற்காகப் பொடியை விலையின்றிக் கொண்டுவந்து வயலில் தூவித் தரும் ஸ்தாபனங்கள் தோன்றியுள்ளன. இந்திய நெல் வயல்களில் பசால்ட் தூவும் மாட்டி கார்பன் என்னும் ஸ்தாபனம் 2025-ல் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் பரிசு பெற்றது. பிடித்த வாயுவின் அளவைக் கணக்கிட்டு, அக்கணக்கை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்பதே இத்தொழிலின் வருமானம். இவ்வகையார் எவர் வந்தாலும், கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டச் செய்யவேண்டும். எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பாடு, வரும் பணத்தில் நிலத்துக்குரியவருக்குப் பங்கு உண்டா, குத்தகைதாரரின் சம்மதம் பெறப்பட்டதா, கல் எந்தக் குவாரியிலிருந்து வருகிறது, அதன் பகுப்பு அறிக்கையில் நிக்கல், குரோமியம், பாஷாணம் முதலியவற்றின் அளவு என்ன என்பவற்றைக் கேட்டு எழுதிவாங்கவேண்டும். ஏக்கருக்குப் பல டன் கணக்கில் தூவிய கல்லை வயலிலிருந்து திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. ஆகையால் முதல் லாரி வருவதற்கு முன்பே அவ்வயலின் மண் மாதிரி ஒன்றை எடுத்து, நாளும் புல எண்ணும் குறித்து, முத்திரையிட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.